வர்க்கமூலம் கேட்டால் கவுண்ட் காணாமல் போகிறது

பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன் என்ற முறையில் மனம் வெதும்பித்தான் இதை எழுதுகிறேன். திருப்பூரில் கவுண்ட் என்பது வெறும் எண் இல்லை. ஒரு பவுண்டு நூலில் 840 கஜ நீளச் சிட்டாக்கள் எத்தனை என்பதே கவுண்ட். அதனால் எண் ஏற ஏற நூல் மெலியும். 30ம் நம்பரையும் 40ம் நம்பரையும் சேர்த்து முறுக்கினால் 70 வராது, 35ம் வராது. ஏறக்குறைய 17தான் வரும். நிட்டிங் மாஸ்டருக்கு இது மனப்பாடம். கம்ப்யூட்டருக்கு நாம்தான் சொல்லித் தர வேண்டும்.

சொல்லித் தரவும் வழி இருக்கிறது. பைத்தானில் கவுண்டுக்கென்றே தனி எண் வகை உருவாக்கி, கூட்டலுக்கும் ஒப்பீட்டுக்கும் நம் தொழிலின் அர்த்தத்தைக் கொடுக்கலாம். ரவுண்ட் செய்யச் சொன்னால் அந்த வகையைக் கேட்டுத்தான் செய்யும். மேத் லைப்ரரியின் ஃப்ளோர், சீல்கூட அப்படித்தான். ஆனால் அதே லைப்ரரியில் வர்க்கமூலம் கேட்டுப் பாருங்கள். வகையிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஃப்ளோட்டாக மாற்ற வழி இருந்தால் மாற்றி, மொட்டை எண்ணாகத் திருப்பித் தருகிறது. பைத்தானோடு வரும் டெசிமல் வகைக்கே இந்தக் கதி என்றால் நாம் எழுதிய வகையை யார் மதிப்பார்கள்?

இதில் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. துணியின் இறுக்கத்தைச் சொல்லும் டைட்னஸ் ஃபேக்டருக்கு, நூலின் தடிமனைச் சொல்லும் இன்னொரு அளவான டெக்ஸின் வர்க்கமூலத்தை சென்டிமீட்டரில் உள்ள லூப் லெங்த்தால் வகுக்க வேண்டும். 30ம் நம்பர் என்றால் 19.7 டெக்ஸ். லூப் லெங்த் 2.8 மில்லிமீட்டர் என்றால் விடை 15.8. கவுண்ட் வெறும் 30 ஆகிப் போய் அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் 19.6. இரண்டுமே திரையில் நல்ல பிள்ளைபோல நிற்கும். எச்சரிக்கை எதுவும் வராது. 19.6ஐப் பார்த்து, துணி இறுகிவிட்டதென்று நம்பி லூப் லெங்த்தை ஏற்றினால் துணியின் எடையான ஜிஎஸ்எம் இறங்கும், துவைத்தபின் சுருக்கம் கூடும். துணி நிராகரிக்கப்பட்டால் பழி மெஷின்காரர் தலையில் விழும்.

ஸ்பின்னிங் மில்லில் முறுக்குக் கணக்குக்கோ கவுண்டின் வர்க்கமூலமேதான் வேண்டும். ஒரே நூல், இரண்டு வர்க்கமூலம். எது எங்கே என்று தெரிந்தது அந்த எண் வகைக்கு மட்டும்தான். அதன் வாயைக் கட்டிவிட்டால் யார் சொல்வது?

செய்ய முடியாத காரியமும் இல்லை. ஜூலியா மொழியில் வர்க்கமூல ஃபங்ஷனுக்கே நம் வகைக்கான அர்த்தத்தைச் சேர்க்கலாம். பைத்தானிலேயே ஓடும் நம்பை லைப்ரரியும், ஆப்ஜெக்ட் அரே என்றால் வகைக்குள் நாம் எழுதிய வர்க்கமூலத்தையே அழைக்கிறது. அவர்களால் முடிந்தது மேத் லைப்ரரியில் மட்டும் ஏன் ஆகவில்லை?

"ஃப்ளோட்டா மாத்திட்டுப் போங்க சார், வேலை முடியட்டும்" என்பவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. தயவுசெய்து ஃப்ளோட்டாக மாற்றும் வழியை வகைக்குள் எழுதாதீர்கள். எழுதாவிட்டால் மேத் லைப்ரரி பிழை காட்டி நின்றுவிடும். நிற்கட்டும். டெக்ஸா கவுண்டா என்று கேட்கும் வர்க்கமூலத்தை வகைக்குள்ளேயே எழுதி, எல்லோரும் அதையே கூப்பிடட்டும். புரோகிராம் நின்றால் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். தப்பாக ஓட்டிய துணியைப் பிரித்துத் திரும்ப நூலாக்க முடியாது.