இரவல் மோட்டார் சைக்கிளும் மூன்றாவது மனிதனும்

நட்பின் பேரால் நம்மிடையே நியாயப்படுத்தப்படும் பொறுப்பின்மைகளுள் மோட்டார் சைக்கிளை இரவல் கொடுக்கும் முறையும் ஒன்று. விடுதி வாசலிலே சாவி கைமாறுகின்றது. “கொண்டு போ மச்சான்” என்ற சொல்லோடு யாவும் நிறைவெய்திவிடுகின்றன. சாரதி அனுமதிப் பத்திரம் உண்டா என்று கேட்பவன் கஞ்சன் எனப்படுகின்றான். காப்புறுதிப் பத்திரத்தை விரித்து வாசிப்பவன் நட்பை அவமதித்தவனாகின்றான். அக்கஞ்சனின் பக்கம் நின்று வழக்குரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரவல் என்பது கொடுப்பவன், வாங்குபவன் ஆகிய இருவரின் சொந்த விவகாரம் என்பதே பொதுவான எண்ணம். நூலொன்றை இரவல் கொடுக்குமிடத்து இவ்வெண்ணம் பொருந்தும். நூல் தொலைந்தால் நட்டம் கொடுத்தவனுக்கே. மோட்டார் சைக்கிள் அத்தகையதன்று. அது மோதி வீழ்த்துவது சந்தைக்குச் சென்ற மூதாட்டியையோ பாடசாலை விட்டு வரும் சிறுவனையோ ஆகலாம். நண்பர் இருவரின் பெருந்தன்மையில் இவர்களுக்குப் பங்கில்லை; அதன் விலையை மட்டும் இவர்கள் செலுத்துகின்றனர்.

நமது நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோமன் ஒல்லாந்துச் சட்டம் இரவலை இலேசாகக் கருதவில்லை. கூலியின்றிப் பொருளைப் பெற்றவன் அதனை மிகுந்த கவனத்துடன் பேணுதல் வேண்டும். பெற்ற நோக்கத்துக்கு அப்பால் அதனைப் பயன்படுத்தலாகாது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமச் சட்டவறிஞர் கேயஸ், இரவற் குதிரையை உரிமையாளன் இணங்கமாட்டான் என்று தெரிந்தும் சொன்ன இடத்துக்கு அப்பால் ஓட்டிச் செல்பவன் களவு செய்தவனாவான் என எழுதினார். கண்டிக்கு என்று வாங்கிய வண்டியில் நுவரெலியா வரை சென்று திரும்புவதை வீரச்செயலாகப் பேசும் நம்மவர் இதனைச் சிந்திப்பார்களாக.

“ஓட்டியவனே பொறுப்பாளி, கொடுத்தவனுக்கு என்ன?” என்பது அடுத்த வாதம். இதற்குச் சட்டத்தில் ஓரளவு இடமுண்டு. 1972இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை, மோகன்ஸ் எதிர் லோஞ்ச்பரி என்னும் வழக்கில், வாகனத்தைப் பயன்படுத்த அனுமதித்தமையால் மட்டும் உரிமையாளர் பொறுப்பாளியாகார் எனத் தீர்ப்பளித்தது. உரிமையாளரின் காரியத்துக்காக, அவர் ஒப்படைத்த பணியில், வாகனம் ஓட்டப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. ஆயின் 1935ஆம் ஆண்டின் மொங்க் எதிர் வோர்பி வழக்கை இவ்வாதத்தினர் மறந்துவிடுகின்றனர். காப்புறுதியின் பாதுகாப்பில்லாத ஒருவர் ஓட்டுமாறு காரை இரவல் கொடுத்த உரிமையாளரே, காயமுற்றவருக்கு நட்டஈடு செலுத்த வேண்டும் என்று அவ்வழக்கில் ஆங்கில மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. ஓட்டத் தெரியாதவன் என்றோ வெறியில் இருப்பவன் என்றோ அறிந்தும் சாவியை நீட்டுபவனின் செயல் தன்னளவிலேயே கவனயீனம் ஆகும். அவன் வேறொருவனின் குற்றத்தின் பின்னால் ஒளிய முடியாது.

“காப்புறுதி இருக்கின்றதுதானே” என்பது இறுதிப் புகலிடம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியுள்ளது. அக்காப்புறுதி பிறருக்கு நேரும் தீங்குக்கானது; இரவல் வாங்கி ஓட்டியவனின் முறிந்த காலுக்கோ நொறுங்கிய வண்டிக்கோ அதில் ஈடில்லை. முழுமைக் காப்புறுதி எடுத்தவர்களும் அகமகிழ வேண்டியதில்லை. உரிமையாளரின் அனுமதியுடன் ஓட்டுபவரையும் உள்ளடக்கும் பத்திரங்கள் பலவாயினும், அவர் உரிய வகைக்கான சாரதி அனுமதிப் பத்திரம் உடையவராய் இருத்தல் வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. மதுபோதையும் வாடகைக்கு ஓட்டுதலும் வழக்கமான விலக்குகள். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளின் கதையை நகைக்கும் நாம், வாசித்தறியாத பத்திரத்தை நம்பி உயிர்களைத் தெருவில் விடுகின்றோம்.

ஒவ்வொரு மாணவனும் வண்டி வாங்க இயலாத சமூகத்தில் பகிர்ந்துண்ணும் பண்பை அழிக்கலாமா என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. வறியவன் தன் தாயை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வண்டி கேட்கையில் மறுப்பது மனிதத்தன்மையன்று. அவ்வேளையில் அனுமதிப் பத்திரமுள்ள ஒருவன் தானே ஓட்டிச் செல்லட்டும். அதுவே சாவியிலும் மேலான உதவி. தெருவில் நடந்து செல்பவர்களுட் பெரும்பாலோர் நம்மிலும் வறியவர்கள் என்பதையும் மறத்தலாகாது. அவர்களைப் பலிகொடுத்து வளர்க்கும் தோழமை வர்க்க உணர்வுமன்று, மனிதநேயமுமன்று.

அனுமதித்த உரிமையாளரையும் பொறுப்பாளியாக்குவது பாராளுமன்றத்தின் பணியென்றே 1972ஆம் ஆண்டுத் தீர்ப்பில் கருதப்பட்டது. நியூயோர்க் மாநிலச் சட்டம் அவ்வாறே விதித்துள்ளது. காப்புறுதி எடுக்கும் வாய்ப்பு உரிமையாளரிடமே உள்ளமையால் பொறுப்பும் அவரைச் சார்வதே நீதி. நமது சட்டமும் இதனை ஐயத்துக்கிடமின்றி வகுத்தல் வேண்டும். அதுவரையில், அனுமதிப் பத்திரம் உண்டா, காப்புறுதி இவனை உள்ளடக்குகின்றதா, இவன் இப்போது ஓட்டத் தகுந்த நிலையில் உள்ளானா என்னும் மூன்று வினாக்களையும் சாவி கைமாறுமுன் கேட்கும் வழக்கத்தை இப்பல்கலைக்கழகத்திலேயே தொடங்குவோம். இவ்வினாக்களால் முறியும் நட்பு முறிந்து போகட்டும்.