ஆட்டத்திலுமா அரியர்?



தேர்வில் அரியர் வைத்தவரைக் கண்டிருக்கிறோம். சிற்றுண்டிச் சாலையில் பாக்கி வைத்தவரையும் கண்டிருக்கிறோம். விளையாட்டில் பாக்கி வைத்தவரைக் கண்டதுண்டா? இல்லையெனில் இதோ, நான் இருக்கிறேன்! காசு கொடுத்தும் இலவசமாகவும் சேர்த்த வீடியோ கேம்கள் 84 என் கணக்கில் உறங்குகின்றன. ஆடிப் பாதியில் விட்டவை அல்ல, திறந்தே பாராதவை. சிரிக்கின்ற நண்பரே, உமது பட்டியலையும் ஒரு முறை எண்ணிப் பாரும், பிறகு சிரிக்கலாம்.

நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிப் பெருங்கடவிளைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. விடிந்ததும் நெய்யாற்றின்கரைக்குப் பஸ், அங்கிருந்து ரயில். பகலெல்லாம் ஆய்வுக்கூடம். மாலையில் தந்தையாரின் பலசரக்குக் கடையில் ஒத்தாசை. எஞ்சுவது நாளுக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணியும் என்ன ஆகிறது? எதை ஆடலாம், எதை ஆடலாம் என்று பட்டியலை மேலும் கீழும் தள்ளுவதிலேயே போகிறது. முடிவில் ஒன்றும் ஆடாமல், ஏதோ கடமை தவறியவன்போல் படுக்கச் செல்கிறேன். ஓய்வு தர வந்த விளையாட்டே ஓய்வைத் தின்கிறது. என்னே விந்தை!

குவியல் வந்த வழி யாவரும் அறிந்ததே. 2003-இல் தோன்றிய ஸ்டீம் அங்காடி கோடையிலும் குளிர்காலத்திலும் தள்ளுபடித் திருவிழா நடத்துகிறது. 2018 டிசம்பரில் கடை விரித்த எபிக், வாரந்தோறும் இலவசமாகவே வழங்குகிறது. ஆடித் தள்ளுபடியில் உடுத்தாத புடவை வாங்கும் அக்காமாரைக் கேலி செய்கிறோமே, நாம் செய்வது மட்டும் என்ன?

விஞ்ஞான மாணவன் அல்லவா? ஒரு கணக்குப் போட்டேன். பள்ளியில் படித்த தொட்டிக் கணக்குத்தான். ஆட்டம் ஒன்றுக்குச் சராசரி 12 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 84 ஆட்டங்களுக்கு 1008 மணி. மாதம் 30 மணி ஆடினால் 34 மாதங்களில் தொட்டி காலியாகும். ஆனால் மேலே குழாய் திறந்திருக்கிறதே! மாதம் இரண்டு ஆட்டம் புதிதாக வாங்கினால் 24 மணி உள்ளே வருகிறது. நிகரமாகக் குறைவது 6 மணிதான். அப்படியானால் 168 மாதங்கள். அதாவது, 14 ஆண்டு! இராமனுடைய வனவாசக் காலம்! மாதம் மூன்று வாங்கினாலோ, தொட்டி என்றைக்கும் வற்றாது.

"அட்டவணை போடு, வரிசையாக முடி" என்பர் சிலர். நான் அதை மறுக்கிறேன். தேர்வு நாம் பட்ட கடன். எழுதித்தான் தீர வேண்டும். ஆட்டம் யாருக்குப் பட்ட கடன்? விருப்பத்துக்கு வாங்கியதை வேலையாக்கிக்கொண்டால், ஆய்வுக்கூடத்துக்கும் அதற்கும் என்ன வேற்றுமை? "வாங்கியது வீணாகிறதே" என்று கலங்குவோரும் உண்டு. போன பணம் போனதுதான். அதை ஈடுகட்ட நேரத்தையும் தொலைப்பதா? மேலும், சேர்த்து வைத்தவை நமக்கே உரியவை என்பதும் உறுதியன்று. 2014-இல் வெளிவந்த 'தி க்ரூ' என்னும் கார்ப்பந்தய ஆட்டத்தின் சேவையகங்களை யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31-இல் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதன்பின் ஆட இயலவில்லை.

அப்படியானால் அத்தனையும் குப்பையா? அன்று. அதற்கு என் அனுபவமே சான்று.

அக்குவியலின் அடியில் 'வெண்பா' என்னும் ஆட்டம் கிடந்தது. கனடாவின் டொரண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. 2024-இல் பாஃப்டாவின் அறிமுக ஆட்டத்துக்கான விருதைப் பெற்றது. ஆடி முடிக்க ஒன்றரை மணி போதும். 'சிறியதுதானே, பிறகு பார்ப்போம்' என்று ஓராண்டுக்கு மேல் தள்ளிவைத்திருந்தேன்! ஒரு சனிக்கிழமை இரவு மின்சாரம் வந்துபோய்க் கொண்டிருந்தது. பெரிய ஆட்டம் எதுவும் ஆகாதென்று அதைத் திறந்தேன். அதில் புட்டு அவிக்கும் கட்டம் ஒன்று வருகிறது. கிழிந்துபோன சமையல் குறிப்பைக் கொண்டு முறையை நாமே ஊகித்து அவிக்க வேண்டும். நான் தவறு செய்தேன். புட்டுக்குற்றியை எடுத்துப் பார்ப்போமென்று அடுக்களைக்குச் சென்றேன்.

"என்னல, இந்நேரத்துல அடுக்களையில என்ன தேடுத?" என்றார் அம்மா.

சொன்னேன். சிரித்தார். பிறகு தம் கதையைச் சொன்னார். இவ்வூருக்கு வந்த புதிதில் மலையாளம் ஒரு சொல் தெரியாதாம். பக்கத்து வீட்டு அம்மச்சி கையைப் பிடித்து, மாவும் தேங்காயும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினாராம். அம்மா இங்கே முதன்முதல் கற்றது மொழியன்று, புட்டு! 23 ஆண்டுகளாக அவர் மகனாக இருக்கிறேன். அன்றுவரை நான் இதைக் கேட்டதில்லை. 84 ஆட்டங்களை வைத்திருந்தது எனக்கு ஒன்றும் தரவில்லை. ஒன்றை ஆடி முடித்தது ஓர் இரவையே தந்தது.

ஆகவே தோழர்களே, நான் எனக்கு விதித்துக்கொண்டவை மூன்று. கையிலுள்ள ஒன்றை முடிக்கும்வரை அல்லது கைவிடும்வரை புதிது வாங்குவதில்லை, இலவசமும் வாங்குவதில்லை. இருக்கும் நேரத்துக்கேற்ற அளவையே எடுப்பது. பருவத் தேர்வுக் காலத்தில் ஐம்பது மணி கேட்கும் 'விட்சர் 3' வேண்டாம், விடுமுறைக்கு இருக்கட்டும். இரண்டு மணி ஆடியும் மனம் ஒட்டவில்லையெனில் வெட்கமின்றி விட்டுவிடுவது. ஸ்டீமே வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணிக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறதே!

மற்றவை கிடக்கட்டும். நூலகத்தில் படிக்காத நூல்கள் ஆயிரம் உண்டு. அவற்றைக் கண்டு நாம் அஞ்சுவதில்லை. எடுத்த ஒன்றை மனமாரப் படிக்கிறோம். ஆட்டத்தையும் அவ்வாறே ஆடுவோம்!