கதிரூட்டிய காயும் எவரும் படிக்காத லேபிளும்

கதிரூட்டப்பட்ட பழம் கதிரியக்கம் உடையதன்று. கோபால்ட்-60 உமிழும் காமாக் கதிர் பழத்தின் ஊடே கடந்து செல்கிறது, அதில் தங்குவதில்லை. பழத்தின் அணுக்கருக்களை மாற்றும் அளவு ஆற்றலும் அக்கதிருக்குக் கிடையாது. உணவு வேளாண் அமைப்பு, உலகச் சுகாதார நிறுவனம், பன்னாட்டு அணுசக்தி முகமை ஆகியவற்றின் கூட்டு வல்லுநர் குழு, 10 கிலோகிரே வரையிலான அளவால் நச்சுக்கேடு இல்லை என்று 1980இலேயே முடிவுரைத்தது. அதன் பின்னும் விவாதம் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறதென்றால், குறை ஆய்வுக்கூடத்தில் இல்லை, சொல்லில் இருக்கிறது.

கதிர்வீச்சு, கதிரூட்டல், கதிரியக்கம் என்பன மூன்று வெவ்வேறு பொருள்கள். செய்தித்தமிழ் பெரும்பாலும் மூன்றையும் 'கதிர்வீச்சு' என்னும் ஒற்றைச் சொல்லில் அடைத்துவிடுகிறது. மலையாளத்து 'விகிரண'த்தின் நிலையும் ஏறக்குறைய இதுவே. (இரு மொழிகளிலும் 'கதிர்' என்பது ஞாயிற்றின் ஒளியையும் நெல்லின் கதிரையும் ஒருங்கே குறித்த சொல் என்பது தனி வேடிக்கை.) கூடங்குளப் போராட்டத்திற்குப் பிறகு அச்சமின்றி அச்சொல்லைக் கேட்பது தமிழருக்கு எளிதன்று. அவ்வச்சம் அறியாமையும் அன்று. கேட்ட கேள்விகளுக்கு விடை பெறாதவர்களின் அச்சம் அது. ஆனால் மாங்காயை அணு உலையோடு முடிச்சிட்டு அந்த அச்சத்தில் ஆள் திரட்டுவோர், உண்மையான கேள்விகளைத் தாமே புதைக்கின்றனர்.

ஆதரிப்போரின் பிழை இதனினும் பெரிது. மக்களின் 'அறியாமை'யைப் பழிக்கும் அவர்கள், இத்தொழில்நுட்பம் எதற்காக வந்தது என்பதை மட்டும் சொல்வதில்லை. பதினெட்டு ஆண்டுத் தடை நீங்கி 2007 ஏப்ரலில் இந்திய மாம்பழம் அமெரிக்கா சென்றது. மகாராட்டிரத்தின் லாசல்கானில் 400 கிரே அளவு கதிரூட்டியதே அதற்கு வழி திறந்தது. அந்த அளவு கொட்டை வண்டைப் பெரும்பாலும் உடனே கொல்வதில்லை. இனம் பெருக்க இயலாததாக்குகிறது. காக்கப்பட்டது அமெரிக்கத் தோப்பு. உண்பவரின் உடல்நலம் அங்கே நோக்கமே அன்று.

எல்லைப்புறத்தின் வழக்கோ வேறு. தமிழகக் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் மிகுதி என்று கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 2015இல் குற்றஞ்சாட்டியபோது வாளையாறும் குமுளியும் செய்தியாயின. எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதத்தில் தடைசெய்யும் வரை காசர்கோடு கொடுத்த விலை நாடறிந்தது. தோலில் படிந்த நஞ்சைக் கதிரூட்டல் கழுவாது. கதிரூட்டிய பெட்டியைத் 'தூய்மையானது' என்று விற்பது அறிவியலின் பெயரால் சொல்லும் பொய்.

முதலமடையின் வலிமை முந்திக் காய்ப்பது. பிற மாநிலத் தோப்புகள் பூத்து நிற்கையில் அதன் காய் சந்தையில் இருக்கும். அந்த உழவருக்கு நெடுநாள் இருப்பைவிட, தெளிப்பு மருந்தில் கட்டுப்பாடும் தரகரிடம் நியாய விலையும் முதன்மையானவை. லாசல்கான், வாசி, பாவ்லா, மாலூர் என ஏற்றுமதியை நோக்கி எழுந்த கதிரூட்டு நிலையங்கள் அவருக்குத் தொலைவானவை.

கதிரூட்டலுக்கு நேர்மையான வாதம் ஒன்று உண்டென்றால் அது இடுக்கி மலையில்தான் உண்டு. வட்டவடை, காந்தளூர் பூண்டும் உருளையும் முளைவிட்டால் விலை வீழும். மிகச் சிறிய அளவுக் கதிர் அம்முளையைத் தடுக்கும். ஆனால் பூண்டு உணவு மட்டுமன்று, விதையும் அதுவே. மலைப்பூண்டு தேனி மாவட்டத்து வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. வாங்குவோரில் சமைப்பவரும் இருப்பர், நடுபவரும் இருப்பர். கதிரூட்டிய பல்லை அறியாது நட்டவருக்கு அந்தப் பருவமே இல்லை.

எனவேதான் லேபிள் அலங்காரமன்று. கதிரூட்டிய நாள், உரிம எண், நோக்கம் ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும் என்பது விதி. எம்மொழியில்? ஆங்கிலம் அல்லது தேவநாகரி இந்தியில். பிற மொழி விருப்பத்திற்குரியது. உடன் நிற்கும் ராடுரா என்னும் பச்சைச் சின்னமோ, வட்டத்துள் இலைகளோடு இயற்கை விளைபொருளின் முத்திரை போலவே தோன்றுகிறது. பெட்டியைப் பிரித்துக் குவியலாகக் கொட்டிவிட்டால் அதுவும் இல்லை.

சித்தூரிலும் தேவிகுளத்திலும் வாழும் தமிழர் அரசுக்குத் தம் மொழியிலேயே எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. மனு எழுதத் தகுதிபெற்ற மொழி, உண்ணும் பொருளின் மேல் அச்சேறத் தகுதியற்றதா? பெட்டியில் தமிழும் மலையாளமும் சேர்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. 'முளைக்காது, நடாதீர்' என்னும் இரு சொற்களை இரு மொழிகளிலும் அச்சிடுவதை உரிம நிபந்தனையாக்க ஓர் ஆணை போதும். எதிர்ப்போரும் ஆதரிப்போரும் இதுவரை அதைக் கோரவில்லை.