கிளம்ப மறுத்த அம்பாஸடர்

நாகபுரியில் நம் சங்கத்து நண்பர் ஒருவர் 1988-ஆம் ஆண்டு அம்பாஸடர் ஒன்றை வைத்திருக்கிறார். அவ்வண்டியின் உற்பத்தியே 2014-இல் நின்றுவிட்டது. ஆயினும் அவர் வீட்டில் அதற்கு ஓய்வில்லை. அவருடைய மாமியாரை வாரம் இருமுறை விடியற்காலையில் டயாலிஸிஸ் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வது அதுதான். சென்ற மார்கழியில் ஒரு நாள் சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஓர் ஓசை, அவ்வளவே. இருட்டில் ஆட்டோ தேடிப் பிடித்து, அந்த அம்மாளை மருத்துவமனையில் சேர்ப்பதற்குள் முக்கால் மணி நேரம் தாமதமாகிவிட்டது.

பழுது பார்ப்பவர் வந்து பேட்டரியை மாற்றினார். ஐயாயிரம் ரூபாய் கரைந்தது. இரண்டு நாள் ஓடிற்று. மூன்றாம் நாள் மீண்டும் 'டக்'. ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மாற்றவேண்டும் என்றார். அவரைக் குறை கூறமாட்டேன். வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது, தேடுவதைவிட மாற்றுவது எளிது. பணம் மட்டும் நம்முடையது. "பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?" என்று நண்பர் மனம் நொந்து கேட்டார்.

"விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறதே!" என்றும் வியந்தார். பலரும் ஏமாறுவது இங்கேதான். முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து கொள்வது ஏறக்குறைய 10 ஆம்பியர். ஸ்டார்ட்டரோ 150, 200 என்று கேட்கும். செல்லும் வழியில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலும், 200 ஆம்பியர் பாயும்போது 12 வோல்ட்டில் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். அதே தடையால் விளக்கு இழப்பது வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குதான், கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே விளக்கை வேறு விதமாகப் பயன்படுத்தல் வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, விளக்கைப் போட்டுக்கொண்டு ஒருவர் சாவியைத் திருப்பட்டும். மற்றவர் சுவரில் விழும் ஒளியைக் கவனிக்கட்டும். ஒளி அறவே மங்கினால் பேட்டரி வலுவிழந்திருக்கும், அல்லது அதன் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருக்கும். அரிதாக ஸ்டார்ட்டர் சிக்கிக்கொண்டிருப்பதும் உண்டு. ஒளி அப்படியே நின்றால், மின்சாரம் ஸ்டார்ட்டருக்குப் போய்த் திரும்பும் வழியில் எங்கோ தடை. காணாமற்போன கோப்பு எந்த மேஜைவரை வந்தது என்று நாங்கள் அலுவலகத்தில் விசாரிப்பதுபோல், அவ்வழியைப் படிப்படியாகத் தொடர வேண்டியதுதான்.

நண்பர் வண்டியில் ஒளி அதிகம் மங்கவில்லை. அவர் துணைவியார் இரண்டு மூன்று முறை சாவியைத் திருப்பிப் பார்த்தவர், "அண்ணா, சோக் குமிழ் சுடுகிறதே!" என்றார். குளிர்காலத்து விடியலில் சோக் குமிழ் சுடுவானேன்? எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பது. அதற்கும் வண்டியின் உடலுக்கும் மின்தொடர்பு தருவது பின்னலாகச் செய்த எர்த் பட்டை ஒன்று. அது அறுந்தால், ஸ்டார்ட்டரில் புகுந்த மின்சாரம் வேறு வழியின்றி மெல்லிய சோக் கம்பி வழியே திரும்பப் பார்க்கும்; கம்பி கொதிக்கும், சில வேளை புகையும்.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவ் முனையிலும், மற்றதை எஞ்சினின் பெயிண்ட் இல்லாத இரும்பிலும் வைத்து, மீண்டும் சாவியைத் திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டலாகாது. 4 வோல்ட் காட்டிற்று. வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால், எண்ணெயில் ஊறிய பட்டையில் நாலைந்து இழைகளே மிச்சம். புதுப் பட்டைக்கு முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அது பதியும் இடத்தைப் பளபளக்கச் சுரண்டி முடுக்கினோம். ஸ்டார்ட்டர் பழையதுதான், முதல் திருப்பிலேயே சுற்றிற்று.

கை வைக்கும் அன்பர்கள் மோதிரம், வளையலைக் கழற்றிவிடுக. பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுக. பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பற்றக்கூடியது; அருகில் தீக்குச்சி கிழித்துப் பார்க்கலாகாது. இரவு முழுதும் ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான்.

எஞ்சின் விறுவிறுப்பாகச் சுற்றியும் பற்றாதிருப்பது வேறு கதை. அங்கே டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பார்க்கவேண்டும். அதனை அடுத்த இதழில் எழுதுகிறேன்.