அந்த நாகசுரம் யாருடையது?

‘தில்லானா மோகனாம்பாள்’ பார்த்தவர்களுக்குச் சிவாஜி கணேசனின் உப்பிய கன்னமும் புடைத்த கழுத்து நரம்பும் மறக்காது. ஆனால் 1968இல் வந்த அந்தப் படத்தில் ஒலிக்கும் நாகசுரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி சகோதரர்களுடையது. அதில் சிவாஜி ஏற்ற நாகசுர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரத்தைத் தெரியாத தமிழர் அரிது. அவருக்கு மூச்சுக் கொடுத்த இருவரின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்துவருகிறார்கள். வருத்தமாக இருக்கிறது.

பழைய படங்களில் நடிகர் கையிலிருப்பது என்ன வாத்தியம், கேட்பது யாருடைய வாசிப்பு என்று இனங்காண்பதை வெறும் பொழுதுபோக்காக எண்ணுகிறோம். உண்மையில் அது இசை வரலாற்றுக்குச் செய்ய வேண்டிய வேலை. 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’யைப் பாருங்கள். ராஜா காலத்துக் கதை. ஜெமினி கணேசன் நாகசுரத்தை உயர்த்திப் பிடிக்கிறார், சாவித்திரி பாடுகிறார். ‘சிங்கார வேலனே தேவா’வில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போடுவது காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம். காருகுறிச்சியாரோ திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். உச்ச சுருதியில் ஒலிக்கும் குட்டையான திமிரியை விட்டு, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைக் கொண்டு நீண்ட, சுருதி தாழ்ந்த பாரி நாகசுரத்தை உருவாக்கி நிலைநிறுத்தியவர் பிள்ளை. ஆக, அந்த அரச கதைக்குள் நாம் கேட்பது இருபதாம் நூற்றாண்டின் தஞ்சை மண் வளர்த்த நாதம். வாத்தியத்தை அடையாளம் கண்டால்தான் இது பிடிபடும்.

வீணைக் காட்சிகளில் இடக்கையைக் கவனியுங்கள். வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை, அசையாதவை. கமகம் வேண்டுமானால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தாக வேண்டும். நாதம் குழைந்து வரும்போது நாயகியின் விரல் தந்தியை வருடிக்கொண்டு மட்டும் இருந்தால், வாசிக்கும் கை வேறெங்கோ இருக்கிறது. நடிகையைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த வேறு கைக்கும் ஒரு பெயர் உண்டு என்பதே எங்கள் கவலை.

‘மிருதங்க சக்கரவர்த்தி’யில் (1983) சிவாஜிக்காக வாசித்தவர் உமையாள்புரம் சிவராமன் என்பது ரசிகர்களுக்குத் தெரியும். புகழ்பெற்ற வித்வானாக இருந்ததால் அந்தப் பெயர் தப்பித்தது. ஒலிப்பதிவுக் கூடங்களில் தவிலும் குழலும் ஷெனாயும் வாசித்த எத்தனையோ பேருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. இசையமைப்பாளர் பெயருக்குக் கீழே ‘குழுவினர்’ என்ற ஒற்றைச் சொல்லில் அவர்கள் அடங்கிப்போனார்கள்.

அந்தக் கூடங்களில் வாசித்தவர்களில் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளும் மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப்போய்க் கேளுங்கள். படம், காட்சி, வாத்தியம், வாசித்தவர் என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் அதற்கென்று பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

ஆசிரியர் குழு