"போர்டு போச்சு" என்கிறார்களா? பழைய லேப்டாப்புக்குப் பணம் கட்டும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

உங்கள் லேப்டாப்புக்கு ஆறேழு வயதாகிறது. ஒரு திங்கட்கிழமை காலை, மீட்டிங்குக்கு பத்து நிமிடம் இருக்கும்போது, பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. சாயங்காலம் சர்வீஸ் கவுன்டரில் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள்: "போர்டு போச்சு. மாத்தணும். இல்லைன்னா புதுசு வாங்கிடுங்க."

போன வருடம் எனக்கு நடந்தது இதேதான். சொன்ன தொகை 22,000 ரூபாய். மனசு கேட்காமல் தெருமுனையில் இருந்த ஒரு சின்ன ரிப்பேர் கடைக்குப் போனேன். அவர் பின்மூடியைத் திறந்து, ரேமைக் கழற்றி, அதன் முனையைத் துடைத்துத் திரும்ப மாட்டினார். திரை வந்துவிட்டது. கூலி 300 ரூபாய். அந்த லேப்டாப்பில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஒரே ஒரு சம்பவத்தைத் தரவு என்று சொல்ல முடியாது. முதல் கடைக்காரர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்றும் நான் சொல்லவில்லை. கவுன்டரின் கணக்கு அப்படி. கோளாறு எங்கே என்று தேட நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. போர்டை மாற்றினால் அதில் இருக்கும் எந்தக் கோளாறும் சேர்ந்தே போய்விடும். அதாவது, தேடும் வேலையை மிச்சப்படுத்தும் செலவு உங்கள் தலையில் விழுகிறது. அந்தத் தேடலில் பாதியையாவது நீங்களே செய்துகொண்டு போனால், பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இப்போது ஏன் இது முக்கியம்?

முதல் காரணம், விண்டோஸ் 10. அதற்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் தேவை. அதனால் 2017-க்கு முன் வாங்கிய பல லேப்டாப்கள், உடம்பில் ஒரு குறையும் இல்லாமலே "பழசு" என்ற பட்டியலுக்குப் போய்விட்டன. இது ஹார்டுவேர் கோளாறு கிடையாது. தனிநபர்களுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. அதற்குப் பிறகும் லினக்ஸ் என்ற வழி இருக்கிறது.

இரண்டாவது, ரேம் விலை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரி தேவை எகிறியதால், 2025-இன் பிற்பகுதியில் ரேம் விலை வேகமாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் சாதாரண வாடிக்கையாளர்களுக்கான தன் 'க்ரூஷியல்' வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. மெமரி விலை ஏறினால் புது லேப்டாப் விலையும் சும்மா இருக்காது. பழசைக் காப்பாற்றுவதன் மதிப்பு அந்த அளவுக்குக் கூடியிருக்கிறது.

மூன்றாவது, குப்பை. ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட 2024-ஆம் ஆண்டின் உலக மின்கழிவு அறிக்கைப்படி, 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உருவாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே.

முதல் வேலை: பேக்கப்

லேப்டாப் கொஞ்சமாவது உயிரோடு இருந்தால், எந்தச் சோதனைக்கும் முன் உங்கள் ஃபைல்களை வெளியே எடுத்துவிடுங்கள். சாகப்போகும் டிஸ்க்கில் சோதனை ஓட்டுவதே அதன் கடைசி வேலையாகிவிடலாம்.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பிட்லாக்கர் போட்டிருந்தால், போர்டை மாற்றியதும் விண்டோஸ் ரெக்கவரி கீ கேட்கும். அந்த 48 இலக்க எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலோ ஆபீஸ் ஐடி பிரிவிடமோ இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அது இல்லையென்றால் டிஸ்க் நன்றாக இருந்தும் தரவு போனது போனதுதான்.

சாஃப்ட்வேரா, ஹார்டுவேரா?

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு பென்டிரைவில் உபுண்டு போன்ற லினக்ஸைப் போட்டு, அதிலிருந்தே லேப்டாப்பைத் துவக்குங்கள். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். அதில் ஒரு மணி நேரம் வேலை பாருங்கள். அங்கேயும் உறைந்து நின்றால், தானாக அணைந்தால், ஹார்டுவேர் மீது சந்தேகம் வலுக்கிறது. அங்கே ஜோராக ஓடி விண்டோஸில் மட்டும் தடுமாறினால், சிக்கல் விண்டோஸிலோ, டிரைவரிலோ, உள்ளே இருக்கும் டிஸ்க்கிலோ இருக்கலாம்.

பல நிறுவனங்கள் சோதனைக் கருவியை லேப்டாப்புக்குள்ளேயே வைத்திருக்கின்றன. டெல் என்றால் துவங்கும்போது எஃப்12, எச்பி என்றால் எஸ்கேப் அழுத்திவிட்டு எஃப்2. பிழை வந்தால் ஒரு குறியீட்டு எண் காட்டும். அதை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். கவுன்டரில் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

அறிகுறியிலிருந்து உறுப்புக்கு

உயிரே இல்லை, விளக்கும் எரியவில்லை: முதலில் சார்ஜர். அதே வோல்டேஜ் உள்ள வேறு சார்ஜரால் முயலுங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்னூட்டம் வடிந்து, பல சமயம் உயிர் வந்துவிடும். இதெல்லாம் செய்தும் அசையவில்லை என்றால்தான் போர்டைப் பற்றிப் பேச வேண்டும்.

விளக்கு எரிகிறது, திரை கறுப்பு: எச்டிஎம்ஐ வழியாக டிவி அல்லது மானிட்டரில் இணையுங்கள். அங்கே படம் வந்தால் போர்டு பெரும்பாலும் நலம். திரையோ அதன் கேபிளோ போயிருக்கிறது. திரையை முன்னும் பின்னும் சாய்க்கும்போது படம் வந்து வந்து போனால் கேபிளைச் சந்தேகியுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் மங்கலாகப் படம் தெரிகிறதா? அப்படியானால் பின்ஒளி போயிருக்கிறது. வெளியேயும் படம் இல்லை, பீப் சத்தம் கேட்கிறது அல்லது விளக்கு ஒரு கணக்கில் சிமிட்டுகிறது என்றால், எத்தனை முறை என்று எண்ணுங்கள். உங்கள் மாடலின் கையேட்டில் அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்கும். பல நேரம் அது ரேமைக் காட்டும்.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நீலத்திரைப் பிழை: ரேம். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் அல்லது மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். மெலிசான மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதில் ரேம் போனால் போர்டு போனதற்குச் சமம். அங்கே கடைக்காரர் சொல்வது சரி.

எல்லாமே ஆமை வேகம், ஃபைல் திறக்க நேரமாகிறது, டிக் டிக் சத்தம்: டிஸ்க். ஒவ்வொரு டிஸ்க்கும் 'ஸ்மார்ட்' என்ற பெயரில் தன் உடல்நிலைக் குறிப்பை எழுதிக்கொண்டே இருக்கும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் செயலி அதைக் காட்டும். ஆனால் 'குட்' என்று வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். அமெரிக்காவின் பேக்பிளேஸ் என்ற கிளவுட் சேமிப்பு நிறுவனம் தன் ஹார்டு டிஸ்க்குகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட தரவில், செத்துப்போன டிஸ்க்குகளில் 76.7 சதவீதம், தாங்கள் கவனிக்கும் ஐந்து ஸ்மார்ட் அளவுகளில் ஒன்றிலாவது முன்கூட்டியே எச்சரித்திருந்தன. மீதி 23.3 சதவீதம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டன. எச்சரிக்கை வந்தால் நம்புங்கள். வரவில்லை என்பதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வீடியோ கால் ஆரம்பித்ததும் ஃபேன் கத்துகிறது, பிறகு அணைந்துவிடுகிறது: சூடு. பல இன்டெல் லேப்டாப் பிராசசர்களுக்கு 100 டிகிரி செல்சியஸ்தான் உச்ச வரம்பு. அதை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதுவும் போதாவிட்டால் அணைந்துவிடும். பெரும்பாலும் காரணம் ஃபேனில் அடைத்த தூசியும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும். இரண்டும் சின்னச் செலவு.

சார்ஜ் நிற்கவில்லை: பேட்டரிக்கு அளவுகோல் உண்டு. விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டில் இரண்டு எண்களைப் பாருங்கள்: தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழு சார்ஜில் நிற்கும் கொள்ளளவு. 50,000 மில்லிவாட் மணியாக இருந்தது 20,000 ஆகியிருந்தால், மிச்சம் 40 சதவீதம். மேக்புக்கில் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் பகுதியைத் திறந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, கீபோர்டு உப்பியிருந்தாலோ, மூடி சரியாக மூடவில்லை என்றாலோ, பேட்டரி வீங்கியிருக்கலாம். அன்றே சார்ஜரைக் கழற்றுங்கள், உபயோகத்தை நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது, வீட்டுக் குப்பையிலும் போடக்கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

ரிப்பேரா, புதுசா? மாதக் கணக்கு

கோளாறு தெரிந்துவிட்டது. அடுத்து, செலவழிப்பதா வேண்டாமா? செலவு 'அதிகமா, கம்மியா' என்று பார்ப்பதைவிட, அதை இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்பதால் வகுத்துப் பாருங்கள்.

ஒரு உதாரணம். புது லேப்டாப் 60,000 ரூபாய், ஐந்து வருடம் ஓடும் என்றால் மாதத்துக்கு 1,000 ரூபாய். பழசுக்கு பேட்டரியும் எஸ்எஸ்டியும் சேர்த்து 9,000 செலவழித்து இரண்டு வருடம் ஓட்டினால் மாதத்துக்கு 375 ரூபாய். ரிப்பேர்தான் லாபம். அதே பழசுக்கு 22,000 ரூபாய்க்குப் போர்டு மாற்றி இரண்டு வருடம் ஓட்டினால் மாதத்துக்கு சுமார் 917. கிட்டத்தட்ட புதுசின் விலை. அதிலும் திரையும் கீபோர்டும் பழசுதான். இங்கே புதுசு வாங்குவதில் நியாயம் இருக்கிறது. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், பதில் மாறலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

'ரிப்பேர் உரிமை' குறித்து ஆராய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் நிதி கரே தலைமையில் ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' இணையதளம் தொடங்கப்பட்டது. அடுத்து, ஒரு பொருளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் தரும் 'ரிப்பேரபிலிட்டி இண்டெக்ஸ்' பற்றிய குழுவின் அறிக்கை 2025 மே மாதம் அரசிடம் வந்தது. ஆனால் அதன் முதல் கட்டம் செல்போன்களுக்கும் டேப்லெட்களுக்கும்தான். லேப்டாப் அந்த வரிசையில் இல்லை.

பிரான்ஸில் 2021 ஜனவரியிலிருந்தே, கடையில் விற்கும் லேப்டாப்புக்கு அந்த மதிப்பெண்ணைக் காட்டியாக வேண்டும். பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2027 பிப்ரவரி 18-இல் அமலுக்கு வருகிறது. இங்கே நீங்கள் வாங்கும் லேப்டாப்பின் பெட்டியில் ரேம் எத்தனை ஜிபி என்று இருக்கும். அதை மாற்ற முடியுமா என்று இருக்காது. அடுத்த முறை வாங்கும்போது அதையும் கேளுங்கள்.

கவுன்டரில் நான்கு கேள்விகள்

எந்த உறுப்பு போயிருக்கிறது, அதை எப்படிச் சோதித்தீர்கள்? எஸ்டிமேட்டை எழுத்தில் தருவீர்களா? கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா? மாற்றும் பாகத்துக்கு எத்தனை மாத வாரன்டி?

நேர்மையான கடைக்காரர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். பதில் திருப்தி தராவிட்டால் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு இன்னொரு கடைக்குப் போகலாம். காசு வாங்கிவிட்டு வேலை சரியாகச் செய்யவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அந்த அழைப்பிலும் உங்களுக்குக் கை கொடுக்கப்போவது எழுத்தில் வாங்கிய எஸ்டிமேட்டும், நீங்கள் படம் எடுத்து வைத்த அந்தப் பிழை எண்ணும்தான்.