புழு செத்தால் போதுமா?

இராயபுரம் மார்க்கெட்டில் தக்காளி வாங்கும் நம் தாய்மார்கள் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஓட்டை இருந்தால் ஒதுக்கிவிடுவார்கள். ஓட்டையில்லாத பழமே நல்ல பழம் என்பது நம் நம்பிக்கை. அது சரிதானா?

தக்காளிக்கு முதல் எதிரி காய்ப்புழு. 2014-இல் மகாராஷ்டிரத்தில் காணப்பட்ட ஊசிப்புழுவும் இன்று அதனுடன் சேர்ந்துகொண்டது. இவற்றைக் கொல்லும் மருந்தை வயலில் சோதிக்க ஒரு முறை உண்டு. நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வார்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சில பாத்திகளில் மருந்தே தெளிப்பதில்லை. தெளிப்பதற்கு முன்னும் பின்னும் புழுக்களை எண்ணுவார்கள். துளைபட்ட காய்களை நிறுப்பார்கள்.

நல்ல முறைதான். ஆனால் புழுவை மட்டும் எண்ணினால் அது பாதிச் சோதனையே!

1958-இல் பாரத்தியான் என்னும் பூச்சிமருந்தோடு ஒரே கப்பலில் வந்த கோதுமை மாவை உண்டு கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். துறைமுகத்தை அண்டி வாழும் நாம் மறக்கக்கூடாத செய்தி இது. அதன் பின்னரே 1968-இல் பூச்சிகொல்லிச் சட்டம் பிறந்தது. இன்று காயில் தங்கும் எச்சத்தையும் அளந்து, தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று வகுக்கிறார்கள். ஆனால், விலை ஏறும் நாளில் அந்தக் கணக்குப்படி காத்திருப்பவர் எத்தனை பேர்?

2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது மூக்கு நம்மை எச்சரித்தது. தக்காளியில் தங்கிய மருந்தை மூக்கும் அறியாது, கண்ணும் அறியாது.

மருந்தே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கிப் பயிரிட்டவரிடம் அப்படிச் சொல்ல நமக்கு என்ன உரிமை? பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நட்டால், காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அதில் முட்டையிட வரும் என்று நம் ஆய்வாளர்களே கண்டிருக்கிறார்கள். மருந்துச் சோதனை நடக்கும் வயலிலேயே இதற்கும் சில பாத்திகள் ஒதுக்கட்டும். செத்த புழுவின் கணக்கோடு, காயில் தங்கிய எச்சம், மடிந்த தேனீக்கள், தெளித்த கூலியாளுக்கு நேர்ந்த உபாதை ஆகியவற்றையும் ஒரே அட்டவணையில் எழுதட்டும்.

விலங்கியல், வேதியியல் பயிலும் நண்பர்களே! நாளை ஆய்வுக்கூடத்தில் அமரப்போகிறவர்கள் நீங்கள். அதுவரை, ஒரு துளை கண்ட பழத்தை, அந்தப் பகுதியை அரிந்தெறிந்துவிட்டு உண்ண நம் வீட்டாருக்குச் சொல்வோம். நாம் ஓட்டையை மன்னித்தால், உழவரும் ஒரு தெளிப்பைக் குறைப்பார்.